செயலி பச்சை காட்டினால் சுருதி சேர்ந்துவிடுமா?



எடின்பரோவில் இருக்கும் அக்கா பேரன் ஸ்காட்டிஷ் ஸ்மால்பைப் பழகுகிறான். வாயால் ஊதாமல், கை இடுக்கில் துருத்தி வைத்துக் காற்றடைக்கும் சின்ன பேக்பைப் அது. சுருதிக் குழல்களுக்குக் கைப்பேசிச் செயலி பச்சை காட்டுகிறதாம், காதிலோ உறுத்துகிறதாம். அதனால் சீவாளிகளை மாற்றப்போகிறானாம். வேண்டாம் என்கிறேன். உறுத்தினால் காதுதான் சரி.

அடிக்குழல் 110 ஹெர்ட்ஸ் என்றால் பஞ்சமக் குழல் 165 இருக்க வேண்டும், 3:2. செயலியோ பியானோ கணக்கில் 164.8-க்கே பச்சை காட்டிவிடும். அப்போது ஏறக்குறைய மூன்று விநாடிக்கு ஒருமுறை ஒலி எழுந்து அடங்கும். பதினொன்றாம் வகுப்பில் இரண்டு இசைக்கவைகளைத் தட்டி விம்மல் எண்ணினோமே, அதேதான்!

முதலில் பையைச் சீராக அழுத்தப் பழக வேண்டும். அழுத்தம் ஆடினால் சுருதியும் ஆடும். பிறகு குழலின் மேல்துண்டை நகர்த்திப் பார்க்கலாம்; வெளியே இழுத்தால் சுருதி இறங்கும். அங்கே இடம் தீர்ந்தால் மட்டுமே சீவாளியில் கை வைக்கலாம். நாக்கின் மேல் சுற்றிய நூலை நுனிப்பக்கம் மயிரிழை தள்ளினால் அதிரும் நீளம் குறைந்து சுருதி ஏறும். எதிர்ப்பக்கம் தள்ளினால் இறங்கும். நுனியில் கடுகளவு மெழுகு ஒட்டினாலும் இறங்கும். தம்புராவில் ஜீவா நூலை நகர்த்தியவர்களுக்கு இந்தப் பொறுமை புரியும்.

துருத்திக் காற்றில் எச்சில் ஈரம் கிடையாது. சீவாளி எளிதில் கெடாது. பேராண்டி, கடைக்குப் போகுமுன் அந்த நூலைக் கொஞ்சம் நகர்த்திப் பாரடா.