புரொபேட்டும் டிரஸ்டும்

அமெரிக்காவில் குடியேறிய பிள்ளைகள் விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது பெற்றோருக்கு ஓர் ஆலோசனை கூறுவதைப் பல குடும்பங்களில் கேட்கிறோம். “உயில் எழுதினால் பின்னால் கோர்ட்டுக்கு அலைய நேரிடும், சொத்தை டிரஸ்டில் வைத்துவிடுங்கள்” என்பார்கள். அவர்கள் வாழும் நாட்டிற்கு அது பெரும்பாலும் பொருத்தமான பேச்சே. இங்கு நிலைமை வேறு. இந்தியக் கிறிஸ்தவர் எழுதிய உயிலின்படி கோர்ட்டில் உரிமையை நிலைநாட்டப் புரொபேட் இருந்தாக வேண்டும் என்னும் விதி 1925 ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில் இருந்தது உண்மை. 2002 ஆம் ஆண்டின் திருத்தம் அக்கட்டாயத்தினின்று நம்மவரை விடுவித்துவிட்டது. ஆகவே, புரொபேட்டுக்கு அஞ்சி டிரஸ்டு ஏற்படுத்த வேண்டிய அவசியம் நமக்கில்லை. அதற்கு வேறு தக்க காரணம் வேண்டும்.

புரொபேட் என்பது யாது? இறந்தவர் முறைப்படி எழுதிய உயில் இதுவே என்று கோர்ட்டு முத்திரையிட்டு அளிக்கும் சான்று. உயிலை நிறைவேற்றுபவராக அதில் நியமிக்கப்பட்டவருக்கே அது வழங்கப்படும். பெற்றவர் ஆறு மாதத்திற்குள் சொத்துப் பட்டியலையும், ஓராண்டிற்குள் கணக்கையும் கோர்ட்டில் ஒப்படைக்க வேண்டும். கடன்களைத் தீர்த்து, மீதியை உரியவர்களிடம் சேர்த்ததும் அவர் பணி முடிந்தது. வீடு உண்மையில் இறந்தவருக்குச் சொந்தமா என்ற வழக்கைப் புரொபேட் தீர்ப்பதில்லை. இதைப் பலர் அறியார். கட்டாயமில்லாவிடினும், உடன்பிறந்தோருக்குள் பிணக்கு எழும் என்று தோன்றினால், சாட்சிகள் உயிரோடிருக்கும்போதே அதைப் பெற்றுவிடுவது நலம்.

டிரஸ்டின் பணி அவ்வாறு ஓராண்டில் முடிவதன்று. சொத்து டிரஸ்டியின் பெயரில் நிற்கும். அதன் பயனோ பிறருக்குரியது. 1882 ஆம் ஆண்டின் இந்திய டிரஸ்டுச் சட்டம் அவருக்கு விதிக்கும் கடமைகள் கடுமையானவை. பத்திரத்தில் இடமளித்தாலன்றி அவர் ஊதியம் பெறலாகாது. டிரஸ்டுச் சொத்தைக் கொண்டு தமக்கு ஆதாயம் தேடலாகாது. கேட்கும்போது கணக்குக் காட்ட வேண்டும். பொறுப்பை ஏற்றபின் நினைத்தபோது உதறவும் முடியாது.

இத்தகைய காவல் எவருக்குத் தேவை? தன் காரியத்தைத் தானே கவனிக்க இயலாத மகள் உள்ள வீட்டை எண்ணிப் பாருங்கள். “எல்லாவற்றையும் அண்ணன் பெயருக்கு எழுதிவிடுவோம்; அவன் தங்கையைப் பார்த்துக்கொள்வான்” என்பதே நம் பெற்றோர் வழக்கமாகச் செய்யும் முடிவு. அண்ணன் நல்லவனாகவே இருக்கட்டும். அவன் உயில் எழுதாமல் இறந்தால், அவனுக்குச் சொந்தமாகிவிட்ட அச்சொத்து அவன் மனைவி மக்களைச் சேரும். மூன்றில் ஒரு பங்கு மனைவிக்கு, மீதி மக்களுக்கு, தங்கைக்கு ஒன்றுமில்லை. சொத்தை அவள் பெயருக்கே நேரே எழுதினாலோ, அதை ஆள அவளால் இயலாது. இங்கேதான் டிரஸ்டு வேண்டும்.

அதை இரு வழிகளில் ஏற்படுத்தலாம். வாழ்நாளிலேயே பத்திரம் எழுதுவது ஒன்று. வீடோ நிலமோ ஆயின் அதை ரிஜிஸ்தர் செய்தாக வேண்டும், செலவும் உண்டு. ரத்து செய்யும் உரிமையை வைத்துக்கொள்ளாவிடில், பின்னர் மனம் மாறினாலும் எளிதில் திரும்பப் பெற முடியாது. உயிலிலேயே டிரஸ்டு ஏற்படுத்துவது மற்றொன்று. உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம். ரிஜிஸ்தர் செய்வதும் விருப்பத்தைப் பொறுத்தது. கடைசிவரை மாற்றி எழுதலாம். நடுத்தரக் குடும்பங்களுக்கு இதுவே ஏற்றதென்பது நம் கருத்து. டிரஸ்டியாக ஒருவரை மட்டும் நியமிப்பதைவிட, மகளைவிட வயதில் இளையவர் ஒருவரையும் சேர்த்து இருவராக வைப்பது மேல்.

உயிலை நம்பியிருக்கும் டிரஸ்டு உயிலோடு நிற்கும், உயிலோடு விழும் என்பதால் இரண்டைக் கவனிக்க வேண்டும். உயிலுக்கு இரண்டு சாட்சிகள் தேவை. வீட்டில் இருப்பவர்தானே என்று மருமகளைச் சாட்சிக் கையொப்பமிடச் சொல்லுகிறோம். அப்படிச் செய்தால் உயில் செல்லும். ஆனால் அவள் கணவனாகிய மகனுக்கு எழுதிய பங்கு செல்லாது! வெளியாரையே சாட்சியாக அழையுங்கள். அடுத்தது மறுமணம். மனைவியை இழந்த ஒருவர், மகளுக்காக உயிலில் டிரஸ்டு எழுதிவைத்து, பின்னர் மறுமணம் புரிந்தால் அம்மணத்தாலேயே அந்த உயில் ரத்தாகிவிடும். அவர் புதிதாக எழுதியாக வேண்டும். வாழ்நாளில் ரிஜிஸ்தர் செய்த டிரஸ்டுப் பத்திரத்தை மறுமணம் ரத்து செய்வதில்லை.