எழுத்து எது என்பதை முடிவு செய்வது யார்?

பைத்தானில் இணையதளம் அமைப்போர் வார்ப்புரு மொழிகளை ஒப்பிடும்போது வழக்கமாக இரண்டே கேள்விகளைக் கேட்கிறார்கள்: எது வேகமானது, எது வார்ப்புருவுக்குள் எவ்வளவு நிரலை அனுமதிக்கிறது. நிரல்வரிகளுக்கு வண்ணமிடும் கருவிகள் என்றால், வேலை வழங்கியில் நடக்கிறதா உலாவியில் நடக்கிறதா என்பதோடு ஒப்பீடு முடிந்துவிடுகிறது. இவற்றுக்கெல்லாம் முந்தைய கேள்வி ஒன்று உண்டு. அதைக் கேட்டிருக்க வேண்டியவர்கள் மொழியியல் படித்த நாம். இக்கருவி எதை எழுத்து என்று கொள்கிறது?

இவற்றுள் பெரும்பாலானவை சொல்லின் எல்லையைக் காண ரெகுலர் எக்ஸ்பிரஷனையே நம்பியிருக்கின்றன. பைத்தானின் 'ரீ' தொகுதியில், பின்சாய்கோடும் டபிள்யூவும் சேர்ந்த குறிக்குச் 'சொல்லில் வரும் எழுத்து' என்று பொருள். உயிரும் அகரமேறிய மெய்யும் எண்ணும் அதில் அடங்கும். உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் அடங்கா. யூனிகோடு அவற்றைத் துணைக்குறி என வகைப்படுத்தியிருப்பதால் பைத்தான் அவற்றை எழுத்தாக எண்ணுவதில்லை. 'தமிழ்' என்று கொடுத்தால் 'தம', 'ழ' என்ற இரு துண்டுகள் கிடைக்கும். தேவநாகரிக்கும் வங்காளத்துக்கும் மலையாளத்துக்கும் இதே கதிதான். யூனிகோட்டின் மீது பழியைப் போடவும் வழியில்லை. துணைக்குறிகளையும் சொல்லெழுத்தாகவே கொள்ள வேண்டும் என்றுதான் அதன் பரிந்துரை சொல்கிறது.

விளைவைப் பாருங்கள். பைத்தான் 3.0 வெளிவந்த 2008 முதலே, பெப் 3131-இன்படி, பெயர்களைத் தமிழில் எழுதலாம். ஒரு வகுப்புக்குள் 'வேற்றுமை' என்ற பண்பை வைத்தால் பைத்தான் தடையின்றி ஏற்கிறது. அதே பெயரை ஜாங்கோ வார்ப்புருவின் இரட்டை நெளிவு அடைப்புக்குள் எழுதினால், 'வ' என்பதை மட்டும் படித்துவிட்டு, மீதியைப் பகுக்க இயலவில்லை என்று பிழை காட்டி நின்றுவிடுகிறது. ஜாங்கோவைப் பார்த்து உருவான ஜின்ஜாவோ அப்பெயரை முழுதாகப் படிக்கிறது. பைத்தான் பெயரில் வரத்தக்கவை, ஆனால் 'ரீ' விட்டுவிட்டவை எவையெவை என்று கணக்கிட்டு, அவற்றைத் தன் விதியில் அது சேர்த்துக்கொண்டது. வார்ப்புருவில் நிரலைக் குறைக்க வேண்டும் என்ற ஜாங்கோவின் கொள்கையை நான் மதிக்கிறேன். எழுத்தைக் குறைப்பது அந்தக் கொள்கையின் பகுதியன்று.

தலைப்பிலிருந்து இணைய முகவரியை உருவாக்கும் ஜாங்கோவின் ஸ்லகிஃபை இன்னும் மோசம். இயல்பு நிலையில் தமிழ்த் தலைப்பு முழுவதையும் அது அழித்துவிடும். யூனிகோடை அனுமதி என்று கேட்டுக்கொண்டால், குறிகளை மட்டும் களைந்துவிட்டு எஞ்சியதைத் தரும். 'கல்வி' என்ற தலைப்பு 'கலவ' ஆகும். 'கலவி'யும் 'கலவ' ஆகும். இரண்டுக்கும் ஒரே முகவரி! ஆய்வேடுகளையும் சுவடிப் பட்டியல்களையும் இத்தகைய கருவிகளின்மேல் ஏற்றிவைக்கும் நிறுவனங்கள் இதைச் சிரித்துக் கடந்துவிட முடியாது.

வண்ணமிடுதலிலும் இதே கதை. வழங்கியில் இயங்கும் பிக்மென்ட்ஸ் பைத்தான் நிரலைப் படிக்கும்போது யூனிகோடின் பெயர் விதியைப் பின்பற்றுகிறது. ஆனால் அதே பிக்மென்ட்ஸ், ஜாங்கோ, ஜின்ஜா வார்ப்புருக்களைப் படிக்கையில், மாறியின் பெயர் ஆங்கில எழுத்தில்தான் தொடங்கும் என்று கொள்கிறது. உலாவியில் இயங்கும் பிரிஸமும் செயற்கூற்றின் பெயருக்கு ஆங்கில எழுத்தையே எதிர்பார்க்கிறது. தமிழ்ப் பெயர் வண்ணமின்றி நிற்கும். மாணவர் அதைத் தம் பிழை என்றே நினைப்பார்.

'மாறிக்கு யார் தமிழில் பெயர் வைக்கிறார்கள்?' என்று கேட்பவர்கள் உண்டு. பெயரை வைத்தவுடன் உடைந்துபோகும் கருவியைக் கொடுத்துவிட்டு, யாரும் வைப்பதில்லையே என்று கேட்பது விளைவைக் காரணமாக்கும் வாதம். மேலும், இது மாறிகளின் பெயரோடு முடிவதில்லை. அட்டவணையின் தலைப்பு, அகராதியின் பதிவு, கட்டுரையின் முகவரி என எங்கெல்லாம் தரவு தமிழில் இருக்கிறதோ அங்கெல்லாம் இந்த விதி குறுக்கே வருகிறது.

பொறியாளர்களை மட்டும் குற்றஞ்சாட்டவும் எனக்கு மனமில்லை. மெய் புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் இலக்கணம் சொன்ன மரபைப் பாடமாக நடத்தும் துறைகள், அந்தப் புள்ளியை அழிக்கும் விதி ஒரே வரியில் இருப்பதைக் கண்டும் பேசாமலிருப்பது என்ன நியாயம்? இவை யாவும் திறந்த மூல நிரல்கள். 'ரீ'க்கு மாற்றாக, துணைக்குறிகளையும் எழுத்தாகக் கொள்ளும் 'ரீஜெக்ஸ்' தொகுதியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

கணினிமொழியியல் வகுப்பில் ஒரு கருவியை அறிமுகப்படுத்துமுன் 'தமிழ்' என்ற ஒரு சொல்லை அதற்குள் செலுத்திப் பாருங்கள். உடைந்தால், உடைந்த இடத்தையும் மீற வேண்டிய விதியையும் எழுதி அதை உருவாக்கியோருக்கு அனுப்புங்கள். எழுத்தின் வரையறை மொழியியலாரின் வேலை. நாம் செய்யாதபோது அந்த வேலை நின்றுவிடுவதில்லை. நம் எழுத்தை அறியாத ஒருவர் அதைச் செய்து முடித்துவிடுகிறார்.