பாதி ஞாபகம்

ஆவடிப் பக்கம் உங்களுக்குத் தெரிந்த பாட்டி யாராவது இருந்தால், 1955 ஜனவரியில் அங்கே நடந்த காங்கிரஸ் மகாசபையைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். "நேருவைப் பார்த்தேனே!" என்று உற்சாகமாக ஆரம்பிப்பார். அன்று யாரோடு போனார், எப்படி வீடு திரும்பினார் என்று கேட்டால் விழிப்பார். வயதாகிவிட்டது என்று நாம் தீர்மானித்து விடுகிறோம். எழுபது வருஷமாக எல்லோரும் நேருவைப் பற்றியே கேட்டதும் ஒரு காரணமாக இருக்கலாம் அல்லவா?

1994-ல் அமெரிக்காவில் மைக்கேல் ஆண்டர்சனும் பியார்க் தம்பதியும் ஒரு சோதனை செய்தார்கள். அதைப் பூந்தமல்லிக்கு ஏற்ப மாற்றிச் சொல்கிறேன். பூக்களில் ஆறு, பழங்களில் ஆறு பெயர்களைப் படிக்கிறீர்கள். பிறகு முதலெழுத்தைக் காட்டி, மல்லிகை, சாமந்தி, ரோஜா மூன்றை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். கடைசியில் எல்லாவற்றையும் ஒப்பிக்கச் சொன்னால், அந்த மூன்றும் பளிச்சென்று வரும். அதில் அதிசயமில்லை. கேட்காமல் விட்ட முல்லையும் கனகாம்பரமும்தான், யாருமே தொடாத பழங்களை விட அதிகமாக மறந்து போகின்றன! மல்லிகையைத் தேடும்போது அதன் உடன்பிறப்புகளும் முண்டியடித்துக்கொண்டு வருகின்றன. மனம் அவற்றை அமுக்கி வைக்கிறது. பிறகு கூப்பிட்டாலும் அவை எளிதில் எழுந்து வருவதில்லை.

சொல்பவருக்கு மட்டுமல்ல, பக்கத்தில் உட்கார்ந்து கேட்பவருக்கும் இதே கதி நேர்வதாக 2007-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி கூறுகிறது.

அதற்காகக் குழந்தைகளிடம் பாடத்தைக் கேட்காமல் விட்டுவிடாதீர்கள். திரும்பத் திரும்பப் படித்தவர்களை விட, புத்தகத்தை மூடிவைத்து நினைவுகூர்ந்தவர்களுக்கே ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவிருந்தது என்று 2006-ல் கண்டார்கள். ஆனால் 'முக்கியமான' நாலு கேள்வியோடு நிறுத்தாமல், பாடம் முழுவதையும் கேளுங்கள். பாதியில் திணறினால் புத்தகத்தைத் திறந்து காட்டிவிடுங்கள். ஒன்றோடொன்று கோத்து வைத்த விஷயங்கள் அவ்வளவு சுலபமாக மறப்பதில்லை என்பதும் தெரிய வந்திருக்கிறது. ஆகவே, உதிரிப் பூவாக விடாமல் சரமாகத் தொடுக்கச் சொல்லுங்கள்.

பரீட்சையை விடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. மறைந்துபோன அப்பாவைப் பற்றிப் பல வீடுகளில் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள்: அவருடைய கோபம். அம்பத்தூரில் ஷிப்டு முடிந்து, கையில் பகோடாப் பொட்டலத்தோடு அவர் வாசலில் வந்து நின்ற சாயங்காலங்களை யாரும் சொல்வதில்லை. பேரக் குழந்தைகளுக்கு இனி கோபக்காரத் தாத்தாதான் மிஞ்சுவார்.

அடுத்த திவசத்தன்று எல்லோரும் கூடும்போது, அந்தப் பொட்டலத்தைப் பற்றியும் கேளுங்கள். அதை ஞாபகம் வைத்திருப்பவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.