நேர்காணல் நடத்துவோருக்கும் பயிற்சி வேண்டும்

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, உதவிப் பேராசிரியர் பணிக்கு விண்ணப்பிப்பவரின் பட்டங்கள், நெட் தேர்ச்சி, ஆய்வுக் கட்டுரைகள், கற்பித்தல் அனுபவம் யாவும் அவரை நேர்காணல் அறையின் வாசல்வரை மட்டுமே கொண்டுசேர்க்கும். அதன்பின் அந்த மதிப்பெண்கள் கணக்கில் வாரா. பல்கலைக்கழகங்களில் தெரிவு முழுவதும் நேர்காணலை வைத்தே நடக்கும். பத்தாண்டு உழைப்பைச் சில நிமிட உரையாடல் தீர்மானிக்கிறது. புதிதாகச் சேரும் ஆசிரியர் பதவி உயர்வு பெற அறிமுகப் பயிற்சியும் புத்தாக்கப் பயிற்சியும் முடித்தாக வேண்டும். அவரைத் தெரிவு செய்யும் குழுவினரிடமோ இவ்விதிமுறைகள் ஒருமணி நேரப் பயிற்சியைக்கூடக் கோரவில்லை.

பாகுபாடு என்றதும் தீய எண்ணம் கொண்ட ஒருவரைத் தேடுவது பொது வழக்கம். 2012இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், ஒரே தன்விவரக் குறிப்பு 127 அறிவியல் பேராசிரியர்களிடம் சிலருக்கு ஜான் என்ற பெயரிலும் சிலருக்கு ஜெனிஃபர் என்ற பெயரிலும் தரப்பட்டது. ஜானே திறமை மிக்கவராக மதிப்பிடப்பட்டார். கூடுதல் ஊதியமும் அவருக்கே முன்மொழியப்பட்டது. பெண் பேராசிரியர்களின் மதிப்பீடும் அவ்வாறே இருந்தது. இந்தியாவில் சுகதேவ் தோரட்டும் பால் அட்டெவெல்லும் 2007இல் வெளியிட்ட ஆய்வு, தனியார் நிறுவனங்களுக்குச் சென்ற விண்ணப்பங்களில் தலித், முஸ்லிம் பெயர்கள் எவ்வாறு பின்தள்ளப்பட்டன என்பதைக் காட்டியது. அங்கே தாளில் இருந்த பெயர் மட்டுமே. நேர்காணலிலோ முகம், நிறம், ஆங்கில உச்சரிப்பு, படித்த கல்லூரி எல்லாம் சேர்ந்து அமர்கின்றன. ‘எந்த ஊர்?’, ‘அப்பா என்ன செய்கிறார்?’ என்பவை நலம் விசாரிக்கும் தொனியிலேயே கேட்கப்படுகின்றன. கேட்பவர் அன்பாகவே கேட்கலாம். கிடைத்த விடை அவருடைய மதிப்பீட்டில் கலக்காது என்பதற்கு உத்தரவாதமில்லை.

ஆயினும் பயிற்சி என்ற பெயரில் நடக்கும் சொற்பொழிவுகளால் பெரும் பயனில்லை. ஒருநாள் விழிப்புணர்வு உரை நடத்தையை நீடித்து மாற்றுவதில்லை என்பதையே ஆய்வுகள் பலவும் சுட்டுகின்றன. பழக்கப்படுத்த வேண்டியது செயல்முறையை. அளவுகோல்களை விண்ணப்பங்களைப் பார்க்குமுன் எழுதிவைத்தல், அனைவரிடமும் ஒரே அடிப்படைக் கேள்விகளைக் கேட்டல், கலந்துபேசுமுன் ஒவ்வொருவரும் தனித்தனியே மதிப்பெண் இடுதல் ஆகியவற்றைச் செய்துபார்த்தே கற்க வேண்டும். இவற்றுள் கடைசியே மிக முக்கியமானது. துணைவேந்தர் ‘இவர் அவ்வளவு சரியில்லை’ என்று முணுமுணுத்தபின் வேறு மதிப்பெண் இடும் துணிவு எத்தனை வல்லுநர்களுக்கு உண்டு? மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 2002 முதல் மூத்த பேராசிரியர்களே தெரிவுக் குழுவினருக்குப் பயிலரங்குகள் நடத்தினர். சக பேராசிரியர் சொன்னால்தான் பேராசிரியர் கேட்பார் போலும்.

பணி ஏற்கெனவே பேசிமுடிக்கப்பட்ட இடத்தில் பயிற்சி என்ன செய்யும் என்ற ஐயம் நியாயமானது. அங்கே அது எதுவும் செய்யாது. நீதிமன்றமே செய்ய வேண்டும். ஆனால் ஒதுக்கீட்டு இடங்களின் எதிரே ‘தகுதியானவர் எவருமில்லை’ என்று எழுதப்படும்போது, எந்த அளவுகோலில், எவ்வளவு குறைவு என்ற கேள்விக்கு இன்று பல கோப்புகளில் விடை இருப்பதில்லை. அளவுகோல்வாரியாக மதிப்பெண் இடப் பழகிய குழு அந்தச் சொற்களை எளிதில் எழுதிவிட முடியாது.

விண்ணப்பித்தோரில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள் முதலிய பிரிவினர் இருந்து, குழுவில் அப்பிரிவினர் எவருமில்லையெனில், பிரதிநிதியாக ஒரு கல்வியாளரைத் துணைவேந்தர் நியமிக்க வேண்டும் என்கின்றன அதே விதிமுறைகள். அவர் அப்பாடத்தின் வல்லுநராக இருக்க வேண்டியதில்லை. வல்லுநர்கள் நடுவே அவர் எதைப் பிடித்துப் பேசுவார்? எழுதிவைத்த அளவுகோல் ஒன்று இருந்தால், அதைக் காட்டியாவது கேட்கலாம். மாளவியா இயக்கத்தின் ஆசிரியர் பயிற்சி மையங்கள் நாடெங்கும் உள்ளன. தெரிவுக் குழுவில் அமரும் ஒவ்வொருவருக்கும் அங்கே அரைநாள் ஒதுக்குவதற்குப் புதிய கட்டடம் எதுவும் தேவையில்லை.