பழைய வீடும் ஓய்வுப் பணமும்

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்பது பழமொழி. இந்த இரண்டையும் விடக் கஷ்டமான காரியம் ஒன்று உண்டு. அதுதான் பழைய வீட்டைப் பழுது பார்ப்பது!

புது வீடு கட்டுகிறவருக்குக் கணக்குத் தெரியும். இத்தனை செங்கல், இத்தனை மூட்டை சிமெண்டு என்று மேஸ்திரி எழுதிக் கொடுத்து விடுவார். பழைய வீடு அப்படி அல்ல. ஓர் ஓட்டை எடுத்தால் கீழே உளுத்துப் போன கட்டை இருக்கும். கட்டையை எடுத்தால் அது தாங்கி நின்ற சுவர் விரிசல் விட்டிருக்கும். பத்தாயிரம் ரூபாய் வேலை என்று தொடங்குவார்கள். அது லட்சத்தில் போய் நிற்கும்.

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கத்தில் இந்தப் பேச்சு பல வீடுகளில் நடக்கிறது. தோல் பதனிடும் தொழிற்சாலையிலும், செருப்புக் கம்பெனியிலும் இருபது, இருபத்தைந்து வருஷம் உழைத்தவர்கள் ஐம்பது வயதிலேயே வேலையை விட்டு விடுகிறார்கள். சிலருக்கு உடம்பு ஒத்துழைப்பதில்லை. சிலருக்கு ஆர்டர் குறைந்து வேலை போகிறது. வேறு ஊர்களில் சர்க்கார் வேலை பார்த்து, விருப்ப ஓய்வு வாங்கிக் கொண்டு ஊர் திரும்புகிறவர்களும் உண்டு.

கையில் சேம நிதிப் பணம் இருக்கிறது. எதிரே தாத்தா கட்டிய வீடு நிற்கிறது. திண்ணை இடிந்து விட்டது. முற்றத்தில் புல் முளைத்து விட்டது. "இதைச் சரி பண்ணிக் கொண்டு நிம்மதியாக இருப்போம்" என்று மனம் சொல்கிறது.

நல்ல ஆசைதான். ஆனால் ஆசைக்கு ஒரு வரிசை வேண்டும்.

முதலில் பத்திரம்

வீட்டில் கை வைக்கும் முன் பெட்டியில் கை வைக்க வேண்டும். பத்திரம் எங்கே? யார் பெயரில் இருக்கிறது?

தாத்தா பெயரில் இருக்கும் வீடு ஒருவருடைய வீடு அல்ல. அண்ணன், தம்பி, அக்காள், தங்கை எல்லோருக்கும் அதில் பங்கு இருக்கலாம். தமிழ்நாட்டில் 1989-ல் வந்த சட்டத் திருத்தம், இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பெண் பிள்ளைகளுக்கும் சம பங்கு கொடுத்தது. ஆனால் அதற்கு முன்பே திருமணமான பெண்களுக்கு அது கிடைக்கவில்லை. 2005-ல் வந்த மத்தியச் சட்டம் அந்த வேற்றுமையை நீக்கியது. 2020-ல் உச்ச நீதிமன்றம் அதை இன்னும் தெளிவாகச் சொல்லி விட்டது. முஸ்லிம் குடும்பங்களில் ஷரியத் சட்டப்படி மகளுக்கும் பங்கு உண்டு.

ஓய்வுப் பணம் முழுவதையும் போட்டு ஒருவர் வீட்டைப் பளபளப்பாக்குகிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். வீட்டின் விலை ஏறுகிறது. அப்போது கூடப் பிறந்தவர் வந்து, "என் பங்கு எங்கே?" என்று கேட்டால் என்ன செய்வது? கேட்பது அவருடைய உரிமை. செலவு செய்தவருக்கோ வயிற்றெரிச்சல். வீடு நன்றாகி, உறவு பாழாகும்!

ஆகையால், இடிந்து கிடக்கும்போதே எல்லோரையும் உட்கார வைத்துப் பேசி விட வேண்டும். பாகப்பிரிவினையோ, விடுதலைப் பத்திரமோ எழுதிப் பதிவு செய்து விட வேண்டும். வில்லங்கச் சான்றும் போட்டுப் பார்க்க வேண்டும்.

இந்தப் பக்கத்துப் பழைய பத்திரங்களில் "வட ஆற்காடு மாவட்டம்" என்று இருக்கும். அந்த மாவட்டம் 1989-ல் இரண்டாகப் பிரிந்தது. 2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய் விட்டன. பெயர் மாறியதைக் கண்டு பயப்பட வேண்டாம். சர்வே எண்ணும் நான்கு எல்லையும் சரியாக இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

பணத்தை மூன்றாகப் பிரி

வேலையை முன்கூட்டியே விட்டவருக்கு ஓய்வுப் பணம் கடைசிச் சம்பளம் மாதிரி. அது தீர்ந்தால் மாதக் கடைசியில் வேறு பணம் வராது.

1995-ம் வருஷத்துத் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் 58 வயதில்தான் முழு ஓய்வூதியம். 50 வயதுக்கு மேல் முன்கூட்டியே வாங்கலாம். ஆனால் 58-க்குக் குறைகிற ஒவ்வொரு வருஷத்துக்கும் 4 சதவீதம் குறைத்துத்தான் கொடுப்பார்கள். குறைந்தது குறைந்ததுதான்.

இதனால் ஒரு கணக்கு நல்லது. கையில் வந்த தொகையை மூன்று பங்காக்க வேண்டும். ஒரு பங்கு வைத்தியத்துக்கும் அவசரத்துக்கும். ஒரு பங்கு வட்டி வரும் சேமிப்புக்கு. மிச்சம் இருக்கிற ஒரு பங்குதான் வீட்டுக்கு. அந்த ஒரு பங்கிலும் கொஞ்சத்தை ஒதுக்கி வைக்க வேண்டும். கட்டையை எடுத்தால் சுவர் என்று சொன்னோமே, அதற்கு!

தபால் ஆபீசில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் இருக்கிறது. 60 வயதானவர்கள் அதில் சேரலாம். விருப்ப ஓய்வு பெற்றவர்கள் 55 வயதைக் கடந்திருந்தால், ஓய்வுப் பணம் வந்த 3 மாதத்துக்குள் சேரலாம். இந்தக் காலக் கெடுவைப் பலர் தெரியாமல் தவற விட்டு விடுகிறார்கள்.

கூரை காக்கும்

வீட்டில் எதை முதலில் செய்வது? பெரும்பாலோர் தரையில் டைல்ஸ் போடுவார்கள். வாசலுக்கு இரும்பு கேட் போடுவார்கள். சுவருக்கு வர்ணம் அடிப்பார்கள். பார்க்க அழகாக இருக்கும். அடுத்த மழையில் கூரை ஒழுகும். வர்ணம் உரியும். செலவு அத்தனையும் வீண்.

முதல் வேலை கூரை. இரண்டாவது வேலை மழைத் தண்ணீர் சுவரோரம் நிற்காமல் ஓட வழி. மூன்றாவது சுவர். தரையும் வர்ணமும் கடைசி.

இதை விளையாட்டாக எண்ணக் கூடாது. 2021 நவம்பர் 19-ந் தேதி பேரணாம்பட்டில், கடும் மழைக்குப் பின் வீட்டுச் சுவர் இடிந்து விழுந்து 9 பேர் இறந்தார்கள். அவர்களில் 4 பேர் குழந்தைகள். ஊறிய சுவர் சொல்லிக் கொண்டு விழுவதில்லை.

புதுச்சேரிக் கடற்கரையில் 'மேரி' என்ற பழைய நகராட்சிக் கட்டிடம் இருந்தது. பிரெஞ்சுக்காரர் காலத்துக் கட்டிடம். பல காலம் கவனிப்பார் இல்லை. 2014 நவம்பர் மழையில் அது சரிந்து விழுந்தது. அதே தோற்றத்தில் திரும்பக் கட்டி 2021-ல் திறந்தார்கள். செலவு சுமார் 15 கோடி ரூபாய்! காலத்தில் ஒழுகலை அடைத்திருந்தால் இவ்வளவு செலவு வந்திருக்குமா?

சர்க்காருக்கு 15 கோடி கிடைக்கும். ஓய்வு பெற்ற தொழிலாளிக்குக் கிடைக்காது.

சுவரில் விரல் நுழையும் அளவு விரிசல் இருந்தாலும், சுவர் வயிறு தள்ளி நின்றாலும், உத்தரத்தின் முனை சுவருக்குள் உளுத்திருந்தாலும், அந்த அறையில் யாரும் படுக்கக் கூடாது. உடனே முட்டுக் கொடுத்து விட்டு இஞ்சினீயரைக் கூப்பிட வேண்டும். அவருக்குக் கொடுக்கும் கூலி தண்டச் செலவு அல்ல. "இந்தச் சுவர் தேறாது" என்று அவர் சொன்னால் அதை இடித்து விடுவதே புத்திசாலித்தனம். பழமை மேல் பாசம் வைக்கலாம். பிள்ளைகள் தலை மேல் வைக்கக் கூடாது.

சுண்ணாம்புக்குச் சிமெண்டு சேராது

பழைய வீடுகள் பெரும்பாலும் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு கட்டியவை. வசதி உள்ளவர்கள் மரக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, அவற்றின் மேல் சிறு செங்கலைக் குத்தாக அடுக்கி, சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கொட்டி இடித்து மேல்தளம் அமைத்தார்கள். இதற்கு 'மெட்ராஸ் டெரஸ்' என்று பெயர். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரை அந்தக் காரையில் சேர்ப்பார்கள்.

சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும். உள்ளே ஏறிய ஈரம் மெள்ள வெளியே வந்து காய்ந்து விடும். அதன் மேல் சிமெண்டைப் பூசினால் மூச்சு அடைபடும். ஈரம் உள்ளேயே நிற்கும். உள்ளிருக்கும் செங்கல் பொடியும். இரண்டு வருஷத்தில் சிமெண்டுப் பூச்சு பாளம் பாளமாக விழும். "பழைய சுவர் சரியில்லை" என்பார் கொத்தனார். குற்றம் சுவர் மேல் அல்ல. சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சுதான் ஜோடி.

சுண்ணாம்பு நீற்றும்போது கொதிக்கும். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். குழந்தைகளைப் பக்கத்தில் விடக் கூடாது.

உப்புத் தண்ணீர் எதிரி

தோல் வட்டாரத்துக்கென்று தனிச் சங்கடம் ஒன்று இருக்கிறது. அதுதான் உப்பு.

பச்சைத் தோல் அழுகாமல் இருக்க, அதன் எடையில் 30 முதல் 40 சதவீதம் உப்புப் போடுவது பழைய வழக்கம். பதனிடும்போது அந்த உப்பு தண்ணீரோடு வெளியேறும். பல காலம் அது நிலத்திலும் பாலாற்றிலும் போய்ச் சேர்ந்தது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. 1996 ஆகஸ்டு 28-ந் தேதி தீர்ப்பு வந்தது. தோல் வட்டாரத்தில் சுமார் 35 ஆயிரம் ஹெக்டேர் நிலம் ஓரளவோ, முழுவதுமோ பாழாகி விட்டதாக அந்தத் தீர்ப்பிலேயே எழுதி இருக்கிறது.

நிலத்தைப் பாழாக்கிய உப்பு சுவரை விடுமா? சுவரின் அடியில் வெள்ளையாகப் பூத்திருப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். தரையிலிருந்து ஈரத்தோடு ஏறி, காயும்போது உப்புப் பூக்கிறது. அந்தப் பூப்பு செங்கலை உள்ளிருந்து பிளக்கும்.

இப்படிப்பட்ட இடத்தில் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரையே கலவைக்கு ஊற்றினால், பணம் கொடுத்து உப்பை வாங்கிச் சுவருக்குள் வைத்த மாதிரி. கம்பி போட்ட காங்கிரீட்டுக்கு ஊற்றும் தண்ணீரில், லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு உப்பு இருக்கக் கூடாது என்று இந்தியத் தர விதி சொல்கிறது. மீறினால் கம்பி துருப் பிடித்துக் காங்கிரீட் வெடிக்கும். ஆகையால் வேலை தொடங்கும் முன் ஒரு பாட்டில் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுக்க வேண்டும்.

மழைத் தண்ணீரில் உப்பு இல்லை. தமிழ்நாட்டில் 2003-ல் எல்லாக் கட்டிடங்களுக்கும் மழை நீர் சேகரிப்புக் கட்டாயம் ஆயிற்று. கூரையைச் சரி செய்யும்போதே தொட்டிக்கும் குழாய் வைத்து விட்டால், அடுத்த வருஷ வேலைக்கு நல்ல தண்ணீர் வீட்டிலேயே கிடைக்கும்.

இடிப்பதா, காப்பதா?

"எதற்கு இந்தத் தொல்லை? இடித்து விட்டுக் காங்கிரீட் வீடு கட்டலாமே" என்பார்கள். "பிள்ளைகள் பெங்களூரில் இருக்கிறார்கள், இங்கே யார் வந்து குடியிருப்பது?" என்றும் கேட்பார்கள். நியாயமான கேள்விகள்தான்.

அஸ்திவாரமும் சுவரும் கெட்டு விட்டால் இடிக்கத்தான் வேண்டும். அவை நன்றாக இருந்தால், கூரையை மட்டும் மாற்றிக் கொண்டு இன்னும் பல வருஷம் வாழலாம். தடித்த சுவரும், முற்றமும், உயர்ந்த கூரையும் வேலூர் வெயிலுக்கு ஏற்றவை. இடித்தவர்கள் முற்றத்தை மூடிக் காங்கிரீட் போட்டு விட்டு, ஏ.சி. வாங்க ஓடுகிறார்கள்.

சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் 1996-ல் திறந்த தக்ஷிணசித்ராவில், பல ஊர்ப் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டு வந்து திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள். ஜனங்கள் டிக்கெட் வாங்கிக் கொண்டு போய்ப் பார்க்கிறார்கள்! சொந்தத் தெருவில் இருப்பதற்கு மதிப்பு தெரியவில்லை.

பிள்ளைகள் வந்து குடியிருப்பார்கள் என்ற கனவில் மட்டும் பணத்தைப் போடக் கூடாது. வீடு இப்போது இருக்கிற இரண்டு பேருக்காக. முழங்கால் வலிக்கிற வயதில் மேல் மாடி எதற்கு? வழுக்காத தரை, பக்கத்திலேயே கழிப்பிடம், பிடித்து நடக்க ஒரு கம்பி, வெளிச்சமான சமையலறை - இவை போதும். சமையலறை எப்படி இருக்க வேண்டும் என்று வீட்டு அம்மாளைக் கேட்க வேண்டும். அங்கே நிற்கப் போகிறவர் அவர்தானே!

ஓய்வு பெற்றவர் சாரத்தில் ஏறவும் வேண்டாம். அவரிடம் மற்றவர்களிடம் இல்லாத செல்வம் ஒன்று இருக்கிறது. அதுதான் நேரம். தினமும் நின்று பார்க்கலாம். கலவை சரியா, தண்ணீர் நல்லதா என்று கவனிக்கலாம். ஒரே மூச்சில் முடிக்க வேண்டியதில்லை. இந்த வருஷம் கூரை, அடுத்த வருஷம் சுவர், பணம் இருந்தால் பிறகு தரை.

கோயிலுக்குப் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை திருப்பணி செய்து குடமுழுக்கு நடத்துவது நம் வழக்கம். பொங்கலுக்கும் ரம்ஜானுக்கும் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பதும் வழக்கம். பண்டிகைக்குப் பண்டிகை கூரையையும் சுவரையும் கவனித்து, சிறு பழுதைச் சிறு செலவிலேயே முடித்து விடுவதற்கு அது நல்ல ஏற்பாடு. அந்த வழக்கம் விட்டுப் போன வீடுகளே இன்று இடிந்து நிற்கின்றன.

வீட்டைக் காப்பாற்றுவது நல்லது. ஆனால் வீடு மனிதரைக் காப்பாற்ற வேண்டும். முதுமைக்கு வைத்த சோற்றை வாங்கித் தின்னும் வீடு யாருக்கும் வேண்டாம். பத்திரம் தெளிவாக இருக்கட்டும், கூரை ஒழுகாமல் இருக்கட்டும், பாஸ் புத்தகத்தில் பணமும் இருக்கட்டும். பிறகு திண்ணையைக் கட்டிக் கொண்டு, சாவகாசமாக அதில் உட்காரலாம்!