குழாய் ஏன் முனகுகிறது?

ஏலப்பாறைத் தோட்டங்களில் மாரியம்மன் திருவிழா வந்துவிட்டால் மேடை ஓரிடம், லயங்கள் வேறிடம். மேடையருகே இடியென முழங்கும் பாட்டு, கடைசி லயத்துக் குழாயில் முனகலாகிவிடுகிறது. உடனே நம்மவர் பெரிய ஆம்ப்ளிபயர் வாங்க வரி திரட்டப் புறப்படுகின்றனர். குறை பெரும்பாலும் பெட்டியிலன்று, கம்பியில்தான் என்போம்.

1 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி 100 மீட்டர் சென்று திரும்பினால், அதன் தடை ஏறக்குறைய 3.5 ஓம். அதில் 8 ஓம் குழாயை நேராக இணைத்தால், பெட்டி தரும் ஆற்றலில் சுமார் 30 விழுக்காடு கம்பியைச் சூடாக்கவே போய்விடும்.

நிற்க. மூலமற்றத்தில் 1976 முதல் பிறக்கும் இடுக்கி மின்சாரம் தொலைவூர்களுக்கு எவ்வாறு செல்கிறது? அழுத்தத்தை உயர்த்தி, ஓட்டத்தைக் குறைத்தன்றோ! ஆம்ப்ளிபயரின் 100 வோல்ட் முனையும் அம்முறையினதே. தூரக் குழாய்களை அதில் இணைக்க வேண்டும். ஆயின் ஒவ்வொரு குழாய்க்கும் லைன் டிரான்ஸ்பார்மர் இன்றியமையாதது. இல்லையேல் சுருள் கருகும். குழாய்களின் மொத்த வாட் பெட்டியின் வாட்டைத் தாண்டலாகாது. இணைக்கும்போது பெட்டியை நிறுத்திவிடுக; 100 வோல்ட்டும் உயிருக்கு ஆபத்தே.

மேடு ஏறவியலாத முதியோர் லயத்து வாசலிலிருந்தே விழாவைக் கேட்கின்றனர். அவர்களையும் அவையில் அமர்த்துவது அக்கம்பியே. வரிச் சிட்டை எழுதுமுன் விழாக் குழுவினர் அதனைச் சற்று நோக்குவார்களாக.