அடியில் கொஞ்சம் மண்டி

எங்கள் ஊரில் 'ஒயின்ஷாப்' என்று பலகை மாட்டிய நாளிலிருந்து அங்கே போய் யாரும் ஒயின் கேட்டதாக நினைவில்லை. என் சிவப்பு ஒயின் ஞானம் முழுக்க லண்டனில் குடியேறிவிட்ட கல்லூரித் தோழனின் சாப்பாட்டு மேஜையில் பெற்றதுதான். போன முறை போயிருந்தபோது மூன்று புட்டிகளை எடுத்து வைத்தான். மூன்றும் லெபனான் நாட்டு ஷாத்தோ முசார்.

முதலில் 'முசார் ஷூன்'. ஓக் பீப்பாயைப் பார்க்காத இளம் ஒயின். நாவல்பழம் தின்ற வாய் போல நாக்கு சிவந்தது. நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அதைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை.

பேச வேண்டியது முசாருக்குப் பெயர் வாங்கித் தந்த செர்ஜ் ஹோஷார் பற்றி. அப்பா காஸ்தோன் 1930இல் தொடங்கிய தொழிலை 1959இல், இருபது வயதில், கையில் எடுத்தவர். பொறியியல் படித்தவர், அதோடு பிரான்சின் போர்தோவில் எமீல் பெய்னோவிடமும் படித்தவர். திராட்சை எப்போது பழுக்கிறது, எந்த வெப்பத்தில் நொதிக்க வேண்டும் என்று ஒயின் தொழிலுக்கு விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்தவர் பெய்னோ. அப்பேர்ப்பட்டவரிடம் பாடம் கேட்டவர் ஊர் திரும்பி, வருடங்கள் போகப் போக, ஒவ்வொன்றாகக் கையை எடுத்துக்கொண்டே வந்தார் என்பதுதான் எனக்கு வேடிக்கை. வெளியிலிருந்து ஈஸ்ட் சேர்ப்பதில்லை, வடிகட்டுவதில்லை, கந்தகம் பெயருக்குத்தான். 1960களில் போர்தோ சாயலில் கேபர்னே சோவின்யோன் திராட்சை ஓங்கி நின்ற ஒயின், பிற்பாடு சின்ஸோ, கரின்யான் ஆகியவற்றுக்கும் ஏறக்குறைய சம பங்கு கொடுத்தது. மூன்றும் தனித்தனியாக சிமெண்ட் தொட்டியில் நொதிக்கும். ஒரு வருடம் ஓக் பீப்பாயில் இருக்கும். பிறகு கலந்து, மூன்றாம் வருடம் புட்டியில் அடைத்து, மேலும் நான்கு வருடம் நிலவறையில் வைத்து, ஏழாவது வருடம்தான் கடைக்கு அனுப்புவார்கள்.

ஏழு வருடம் காத்திருக்கும் வியாபாரத்தை அவர் நடத்திய இடத்தையும் பாருங்கள். தோட்டம் பெக்கா பள்ளத்தாக்கில், கடல்மட்டத்துக்கு ஆயிரம் மீட்டர் மேலே. ஆலையோ மலைக்கு இந்தப் பக்கம், கடலோரம் ஒட்டிய கஸீர் ஊரில். நடுவே லெபனான் மலைத்தொடர். 1975இலிருந்து 1990 வரை உள்நாட்டுப் போர். திராட்சை லாரி ஆலைக்கு வர வேண்டுமானால், வழியில் துப்பாக்கியோடு நிற்கும் ஒவ்வொரு கூட்டமும் வழிவிட வேண்டும். பழம் எவனுக்கும் காத்திருக்காது. 1976இல் ஒயினே இல்லை. 1984இல் லாரிகள் சுற்றி அலைந்து வந்து சேர்வதற்குள் பழம் லாரியிலேயே நொதிக்கத் தொடங்கிவிட்டது. இறக்கி ஒயின் செய்தார்கள், ஆனால் விற்பனைக்கு அனுப்பவில்லை. இந்த இரண்டும் போக, போரின் எல்லா வருடமும் முசார் கடைக்கு வந்தது.

உள்ளூரில் வாங்க ஆள் இல்லாமல் போனதால் புட்டிகளைத் தூக்கிக்கொண்டு இங்கிலாந்து போனார். 1979இல் பிரிஸ்டல் ஒயின் சந்தையில், கிறிஸ்டீஸ் ஏல நிறுவனத்தின் மைக்கேல் பிராட்பென்ட் 1967ஆம் வருடத்து முசாரைச் சுவைத்துப் புகழ, பெயர் வெளியே வந்தது. பிரிட்டனின் 'டிகான்டர்' ஒயின் பத்திரிகை ஆண்டின் சிறந்த மனிதர் என்ற கௌரவத்தைத் தொடங்கியபோது முதலில் அவருக்கே கொடுத்தது. எந்த வருடம்? அதே 1984.

இரண்டாவது புட்டிக்கு வருகிறேன். 2016. திறந்ததும் நகப்பூச்சு வாடை லேசாக அடித்தது. முசாரைப் பிடிக்காதவர்கள் முதலில் சொல்லும் குற்றம் இதுதான்: காடி வாசம், புட்டிக்குப் புட்டி மாறுகிற குணம். குற்றச்சாட்டு பொய்யில்லை. என் மூக்கும் ஒரு கணம் பின்வாங்கியது. ஆனால் ஒரு மணி நேரம் ஆறவிட்டுக் குடித்தபோது அந்த வாடை போன இடம் தெரியவில்லை. உலர்ந்த அத்திப்பழம், இலந்தை வடையின் இனிப்பும் புளிப்பும், கடைசியில் தேயிலைத் துவர்ப்பு. எல்லா வருடமும் ஒரே ருசியில் வரும் சுத்தமான ஒயின்களை நான் குடித்திருக்கிறேன். மறுநாள் ஒன்றும் ஞாபகம் இருக்காது. இதை மறக்கவில்லை. இருந்தாலும் முதல் முறை ஒயின் குடிப்பவருக்கு இதை ஊற்றிக் கொடுக்கமாட்டேன், பாவம்.

ஹோஷார் வீட்டில் வெள்ளை ஒயினைச் சிவப்புக்குப் பிறகுதான் ஊற்றுவார்களாம். உலகமே தலைகீழாகச் செய்கிறது. எங்களிடம் வெள்ளை இல்லாததால் அந்தச் சோதனையைச் செய்ய வழியில்லாமல் போயிற்று.

மூன்றாவது புட்டியைத் தோழன் கடைசியாக வைத்ததற்குக் காரணம் உண்டு. 2014. மற்றதைவிட அடர்த்தி குறைவு, துவர்ப்பு மெல்லியது, ஆனால் விழுங்கிய பிறகும் நெடுநேரம் தொண்டையில் நின்றது. மூன்றில் எனக்குப் பிடித்தது இதுதான். வடிகட்டாத ஒயின் ஆதலால், ரசத்தை இறுத்துவது போல மெல்லச் சாய்த்து ஊற்றியும் கடைசிக் கோப்பையில் கொஞ்சம் மண்டி வந்து விழுந்தது.

அந்த வருடத்துத் திராட்சை பறித்துத் தொட்டியில் இறங்கிய பிறகு, டிசம்பர் 31ஆம் தேதி, மெக்சிகோவில் விடுமுறையில் இருந்தபோது செர்ஜ் ஹோஷார் இறந்துபோனார். அது புட்டியில் அடைபட்டபோது அவர் இல்லை.